நினைவு தவறிய பெற்றோர்: அவர்களின் சொத்துக்கு யார் பொறுப்பு?

வாப்பாவுக்கு 76 வயது. ஆறு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து பேச்சும் நினைவும் போய்விட்டன. மூத்த மகன் தம்மாமில் இருக்கிறார், இளையவர் துபாயில். அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்த மகள்தான் காலையும் மாலையும் வந்து உம்மாவுடன் சேர்ந்து வாப்பாவைக் கவனிக்கிறார். வாப்பாவின் வங்கிக் கணக்கில் எட்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு மனையும் இருக்கிறது. ஆனாலும் மருந்துச் செலவு மகள் தன் நகையை விற்றுத்தான் நடக்கிறது. வங்கியில் கேட்டால், "கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்து வேண்டும்" என்கிறார்கள். மனையை விற்கலாம் என்றால், "மூத்தவரிடம்தான் பவர் பத்திரம் இருக்கிறதே, அவர் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்கிறார் புரோக்கர்.

இது உதாரணத்துக்குச் சொன்ன குடும்பம். ஆனால் நம் ஊர்களில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இதே போன்ற ஒரு வீடாவது இருக்கும். பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதில் நம் சமுதாயம் இன்றும் பெரிதாகக் குறை வைக்கவில்லை. அவர்களுடைய பொருளை அவர்கள் சார்பில் கையாளும் சட்ட அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியைத்தான் நாம் முன்கூட்டி யோசிப்பதே இல்லை. "பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை என்ற உறவு மட்டும் இந்த அதிகாரத்தைத் தருவதில்லை. நாட்டுச் சட்டமும் தரவில்லை, ஷரீஅத்தும் தரவில்லை.

பவர் பத்திரம் எதுவரை?

முதலில் அந்தப் புரோக்கர் சொன்னதைப் பார்ப்போம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர் முதல்வர். வாங்கிக்கொள்பவர் அவருடைய முகவர். முதல்வர் இறந்தாலோ, புத்தி சுவாதீனத்தை இழந்தாலோ முகமை முடிந்துவிடும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு சொல்கிறது. அதாவது வாப்பா ஐந்து வருடத்துக்கு முன்பு சார்பதிவாளர் அலுவலகம் போய் முறையாகப் பதிந்து கொடுத்த பத்திரமாகவே இருந்தாலும், அவர் நினைவிழந்ததோடு அதன் உயிரும் போய்விட்டது. பத்திரம் எந்தக் காலத்துக்காக மிகவும் தேவைப்படும் என்று எழுதி வாங்கினார்களோ, அந்தக் காலத்தில்தான் அது பயன்படாமல் போகிறது.

சில நாடுகளில் இப்படி இல்லை. சிங்கப்பூரில் நீடித்த அதிகாரப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிப் பதிந்து வைத்தால், அவர் முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகு அது செயலுக்கு வரும். இங்கிலாந்திலும் உண்டு. அங்கே குடியேறிய நம் உறவினர்கள் இதைக் கேள்விப்பட்டு, இந்தியாவிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அத்தகைய பத்திரத்துக்கு இடம் இல்லை.

இஸ்லாமியச் சட்ட நூல்களும் இந்த விஷயத்தில் இதையே சொல்கின்றன. ஒருவர் தன் காரியத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது வகாலத். நம் நீதிமன்றங்களில் புழங்கும் 'வக்காலத்து' என்ற சொல் இந்த அரபுச் சொல்லிலிருந்துதான் வந்தது. ஒப்படைத்தவர் அறிவுத் தெளிவை இழந்தால் வகாலத் முறிந்துவிடும் என்பதே மத்ஹபுகளின் நிலை. காரணம் எளிமையானது. பிறர் சார்பில் செயல்படுபவரின் அதிகாரம் ஒப்படைத்தவரின் விருப்பத்திலிருந்து வருகிறது. விரும்பவும் மறுக்கவும் அவரால் முடியாதபோது அந்த அதிகாரத்துக்கு அடிப்படை இல்லை. "நான் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன்" என்று வாப்பாவால் இனி சொல்ல முடியாது. அவரைக் கேட்காமல் அவர் மகன் விற்பதற்கும், அவர் அனுமதியோடு விற்பதற்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

பவர் வைத்திருக்கும் மகன் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதல்ல. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கைகளை முகவர் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 209-வது பிரிவு கடமையாக்குகிறது. பாதுகாக்கலாம். விற்கக் கூடாது. தந்தையின் நிலை தெரிந்தே விற்றால், வாங்கியவரும் வழக்கில் மாட்டுவார், விற்ற மகனும் மாட்டுவார். பெரும்பாலும் அந்த வழக்கைப் போடுவது கூடப்பிறந்தவர்கள்தான்.

கைநாட்டு வாங்குவது

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. படுக்கையில் இருக்கும் பெரியவரின் விரலைப் பிடித்துப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பது. அதைப் பல பெயர்களில் செய்கிறார்கள்: ஹிபா, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம். புத்தித் தெளிவு இல்லாதவர் செய்யும் ஹிபா ஷரீஅத்தில் செல்லாது, ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. நினைவு இருந்தாலும், மரணத்துக்கு இட்டுச் செல்லும் கடைசி நோயில் கொடுக்கும் ஹிபாவுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இந்திய நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்ட விதி இது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. வாரிசுகளில் ஒருவருக்கே கொடுத்தால் அந்த அளவுக்கும் மற்றவர்களின் சம்மதம் தேவை.

"என் பங்கைத்தானே கேட்கிறேன்" என்று சொல்லும் மகன்களும் இருக்கிறார்கள். முஸ்லிம் வாரிசுரிமையில் பிறப்பினால் வரும் பங்கு கிடையாது. தந்தையின் உயிர் பிரியும் வரை அந்தச் சொத்து முழுக்க அவருடையது. மகன், மகள், மனைவி ஒருவருக்கும் அதில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. நினைவில்லாமல் பத்து வருடம் படுத்திருந்தாலும் அதுவே நிலை. ஆகவே எல்லா வாரிசுகளும் கூடி ஒப்புக்கொண்டாலும், அந்த ஒப்புதல் வாப்பாவின் கையெழுத்துக்கு ஈடாகாது.

வலீ யார்?

அறிவுத் தெளிவு இல்லாதவரின் பொருளாதார நடவடிக்கைகளைத் தடுத்து வைத்து, அவர் சார்பில் நிர்வகிக்க ஒருவரை அமர்த்துவதை ஃபிக்ஹு நூல்கள் 'ஹஜ்ர்' என்ற தலைப்பில் பேசுகின்றன. அதன் வேர் அன்னிஸா அத்தியாயத்தின் 5, 6-வது வசனங்களிலும், கடன் எழுதுவதைப் பற்றிய அல்பகராவின் 282-வது வசனத்திலும் இருக்கிறது. கடனாளி தானே வாசகத்தைச் சொல்ல இயலாத பலவீனராக இருந்தால், அவருடைய வலீ நீதியோடு சொல்லி எழுத வைக்க வேண்டும் என்பது அந்த 282-வது வசனத்தின் கட்டளைகளில் ஒன்று.

அந்த வலீ யார் என்பதில்தான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபி நூல்கள் சொத்து விஷயத்தில் வைக்கும் வரிசையில் தந்தை, பாட்டனார், அவர்கள் வஸிய்யத் மூலம் நியமித்த வஸீ, இவர்கள் யாரும் இல்லையென்றால் காழி. மகன் இந்த வரிசையில் இல்லை. நினைவிழந்த எழுபது வயதுக்காரருக்குத் தந்தையோ பாட்டனாரோ உயிரோடு இருக்கப் போவதில்லை. அதனால் விஷயம் நேராகக் காழியிடம் போகிறது. அவர் தகுதியைப் பார்த்து மகனையோ மகளையோ வேறொருவரையோ நியமிப்பார், கணக்குக் கேட்பார், துரோகம் செய்தால் நீக்குவார். தந்தை இறந்தால் லாபம் அடையப்போகும் ஒருவரிடம், மேற்பார்வை இல்லாமல் தந்தையின் சொத்தை ஒப்படைக்க நம் இமாம்கள் விரும்பவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்றைய இந்தியாவில் அந்தக் காழி யார்? ஜமாஅத் கொடுக்கும் கடிதம் குடும்பத்துக்குள் உதவும். வங்கியும் சார்பதிவாளரும் அதை ஏற்க மாட்டார்கள். அரசு நியமிக்கும் மாவட்டக் காஜிகளுக்கும் இந்த அதிகாரம் இல்லை. அவர்களை நியமிக்க வழி செய்யும் 1880-ஆம் ஆண்டுச் சட்டமே, இதனால் அவர்களுக்கு நீதித்துறை அதிகாரம் எதுவும் வந்துவிடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே இந்த வேலையை இங்கே செய்யக்கூடியது நீதிமன்றம் மட்டுமே. பெற்றோருக்காக நீதிமன்றம் போவது கௌரவக் குறைவு என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த நீதிமன்றம்?

இங்கேதான் சட்டம் கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும் வழி இருந்தது. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கியது. அதற்குப் பதிலாக 'நியமனப் பிரதிநிதி' என்ற நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அவர் சிகிச்சை தொடர்பாக மட்டுமே பேச முடியும், சொத்தைத் தொட முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவில் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' உண்டு. மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு குறிப்பிடும் அதிகாரியோ நியமிக்கலாம். குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது இதன் அமைப்பு. ஓரளவு விவரம் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். அசைவற்றுக் கிடப்பவருக்கு எளிதில் பொருந்துவதில்லை.

கோமாவில் இருப்பவருக்கென்று தனிச் சட்டம் எதுவுமில்லை. அந்த இடைவெளியை உயர் நீதிமன்றங்கள்தான் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உள்ள ரிட் அதிகாரத்தைக் கொண்டு நிரப்பி வருகின்றன. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவருக்கு அரசே பெற்றோர் இடத்தில் நிற்கிறது என்ற பழைய சட்டக் கொள்கையே இதன் அடிப்படை. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. மனுதாரர் நோயாளியின் சொத்து விவரங்களை முழுமையாக வெளியிட வேண்டும். நரம்பியல் நிபுணர் இடம்பெறும் மருத்துவக் குழு நோயாளியின் நிலையை உறுதி செய்ய வேண்டும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும்.

நமக்கு நேரடியாக உதவும் தீர்ப்பு 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. கோமாவில் இருந்த கணவருக்குத் தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கேட்டார் ஒரு மனைவி. கணவரின் சொத்தை விற்றுத்தான் சிகிச்சையும் குடும்பமும் நடக்க வேண்டிய நிலை. தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அதை மாற்றி, மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தைக் கையாள அனுமதித்தது. அதோடு, கணவர் பெயரில் 50 லட்சம் ரூபாயை வைப்புத் தொகையாகப் போட்டு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. குடும்பத்தின் தேவையும் நிறைவேறியது, படுத்திருப்பவரின் பங்கும் பத்திரமானது.

வைப்புத் தொகை என்றதும் நம்மவர்களுக்கு வட்டி பற்றிய கவலை வரும். அது நியாயமான கவலை. உத்தரவு வந்த பிறகு புலம்புவதைவிட, வாடகை வரும் கடை வாங்குவது போன்ற மாற்று வழியை மனுவிலேயே எழுதி வைக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். நீதிமன்றம் ஏற்றே தீரும் என்பதல்ல. கேட்காமல் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நடைமுறையில் இதற்குத் தேவைப்படுபவை: நரம்பியல் அல்லது மனநல நிபுணரின் சமீபத்திய சான்று, வாரிசுகள் அனைவரின் பெயர், முகவரி, அவர்களின் சம்மதப் பத்திரம், சொத்துப் பட்டியல், கடன் பட்டியல், ஆஸ்பத்திரி பில்கள், மாதச் செலவின் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பச் சான்று பெற்றுச் சம்மதத்தை அனுப்பலாம். சகோதரிகளின் சம்மதத்தை "அவர்களுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிட்டுப் போகும் மனுக்கள்தான் பாதியில் சிக்குகின்றன. காப்பாளராக யாரை முன்மொழிவது? நம் வீடுகளில் மூத்த மகன் என்று பேச்சே இல்லாமல் முடிவாகிவிடும். தம்மாமில் இருப்பவரால் மாதம் இரண்டு முறை வங்கிக்குப் போக முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. உடனிருந்து பார்க்கும் மகளோ உம்மாவோ காப்பாளர் ஆவதற்கு ஷரீஅத்தில் தடையில்லை. காழி பெண்ணையும் நியமிக்கலாம் என்பது நூல்களில் உள்ளதுதான். உமர் (ரலி) தம் வக்ஃபின் நிர்வாகத்தை மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள்

முதியவர்களைப் பற்றிப் பேசும்போது மறந்துபோகும் இன்னொரு பிரிவினர் இருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ள வளர்ந்த பிள்ளைகள். "நாங்கள்தானே பெற்றோர்" என்று இருந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயது முடிந்த அன்றே சட்டத்தின் பார்வையில் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. முப்பது வயது மகனுக்காக வங்கிக் கணக்கையோ குடும்ப ஓய்வூதியத்தையோ கையாள உம்மாவுக்குச் சான்று வேண்டும்.

இவர்களுக்கு வழி எளிது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்த நான்கு நிலைகளுக்காகவே வந்தது. மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவரும் அதில் உறுப்பினர்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் விண்ணப்பிக்கும் முறையைச் சொல்வார்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தக் குழு தரும் காப்பாளர் சான்றை வைத்து வங்கிகள் கணக்குத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியிருக்கிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். காப்பாளர் கொடுமைப்படுத்தினாலோ பொருளை அபகரித்தாலோ உறவினர் புகார் கொடுத்து நீக்க வைக்கலாம். 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடும் இதே அறக்கட்டளையின் திட்டம்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

"எங்கள் காலத்துக்குப் பிறகு?" என்பதுதான் இந்தப் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. இந்தப் பிள்ளைக்கென்று வஸிய்யத் எழுதிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் வாரிசு என்பதால், மற்ற வாரிசுகள் பின்னர் சம்மதித்தால்தான் அது செல்லும். உயிரோடு இருக்கும்போதே ஹிபா கொடுப்பது உறுதியான வழி. பிள்ளைகளுக்கிடையே கொடையில் சமமாக நடக்கச் சொல்லும் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் நமக்குத் தெரியும். நோய், இயலாமை போன்ற தேவைக்காக ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதை ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா போன்றவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் மனம் ஒப்பச் செய்வது நல்லது. நாளைக்கு அந்தச் சகோதரனைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

காப்பாளரின் கணக்கு

நியமனம் கிடைத்த பிறகுதான் உண்மையான அமானிதம் தொடங்குகிறது. அன்னிஸாவின் 5-வது வசனம் பொருளை ஒப்படைக்காதீர்கள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, அழகாகப் பேசவும் சொல்கிறது. அந்தப் பொருளை அப்படியே தின்று தீர்க்காமல் அதைப் பெருக்கி, வரும் வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்ற குறிப்பை அந்த வசனத்தின் சொல்லமைப்பிலேயே விரிவுரையாளர்கள் சிலர் கண்டிருக்கிறார்கள். சொத்தை நிர்வகிக்கும் மகன், வாப்பாவிடம் எரிந்து விழுந்துகொண்டே கணக்கை மட்டும் சரியாக வைத்தால் அவர் பாதிக் கடமையைத்தான் செய்கிறார்.

அடுத்த வசனம் அனாதைகளின் பொருளைப் பற்றியது. வசதி உள்ள பொறுப்பாளர் அதிலிருந்து எடுக்காமல் விலகிக்கொள்ள வேண்டும், ஏழையாக இருந்தால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற அதன் அளவுகோல் இங்கேயும் பொருந்தும். துபாயில் சம்பாதிப்பவர் விமான டிக்கெட்டை வாப்பாவின் கணக்கில் எழுதுவது அழகல்ல. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கவனிக்கும் மகள் தன் செலவுக்கு நியாயமான தொகை எடுத்துக்கொள்வதை அண்ணன்மார் குத்திக்காட்டுவதும் அழகல்ல. நீதிமன்றத்தில் கேட்டு அந்தத் தொகையை உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

வாப்பாவின் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். உங்கள் பணத்தோடு கலக்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பில்லை ஒட்டி, மாதம் ஒருமுறை படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். சந்தேகம் முளைப்பதற்கே இடம் இருக்காது.

ஜகாத் பற்றிய கேள்வியும் வரும். நினைவிழந்தவரின் தொழுகை, நோன்புக் கடமைகள் அவர்மேல் இல்லை. அறிவுத் தெளிவு திரும்பும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நபிமொழி அறிந்ததே. ஆனால் பொருளின் மீதான ஜகாத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளில் வலீ அவருடைய பொருளிலிருந்து ஜகாத் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் புத்தித் தெளிவு இல்லாதவரின் பணம், நகை மீது ஜகாத் கடமையில்லை. விளைபொருளின் உஷ்ரு மட்டும் உண்டு. காயல்பட்டினத்து வீட்டுக்கும் வேலூர் வீட்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்து, அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

நினைவு இருக்கும்போதே செய்யக்கூடியவை

முதுமையின் தள்ளாத நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். அறிந்தவர் பின்னர் எதையும் அறியாதவராக ஆகும் அந்தப் பருவத்தை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-வது வசனமும் குறிப்பிடுகிறது. துஆவோடு சில காகித வேலைகளையும் செய்து வைக்கலாம்.

கணக்கை மனைவியோடோ பிள்ளையோடோ சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறைக்கு மாற்றுவது எல்லாவற்றையும்விட எளிது. வாப்பா படுத்துவிட்டாலும் மற்றவர் அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க முடியும். எடுக்கும் வசதி கிடைப்பதால் பணம் அவருடையதாகிவிடாது. வாப்பாவின் மறைவுக்குப் பிறகு அவர் போட்ட பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. நாமினி விஷயமும் இப்படித்தான். நாமினி வாங்கிக் கொடுப்பவர், உரிமையாளர் அல்ல. அதுவும் மரணத்துக்குப் பிறகுதான் பயன்படும். நினைவிழந்த காலத்துக்கு நாமினியால் ஒரு பயனும் இல்லை.

உடல்தான் முடியவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் நிலைமை வேறு. கையெழுத்துப் போட முடியாத முதியவரின் கைநாட்டையோ கால்விரல் ரேகையையோ, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வங்கி ஏற்கலாம். அந்தச் சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக் கிளையில் "முடியாது" என்றால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது.

சிகிச்சைக்கான நியமனப் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாலே போதும். முத்திரைத்தாள் வேண்டாம்.

மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. பெரும்பாலும் தெளிவில்லாதவராக இருப்பவரும், தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு. அந்தக் காலத்தில் ஏதாவது எழுதுவதாக இருந்தால், அதே நாளில் மருத்துவரிடம் தெளிவு குறித்த சான்று வாங்கி, பயன் அடையாத இருவரைச் சாட்சியாக வையுங்கள். வாப்பா யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், யாருடைய அமானிதம் அவரிடம் இருக்கிறது, உம்மாவின் மஹர் பாக்கி உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைச் சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

பயத்தில் எல்லாச் சொத்தையும் முன்பே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகள் மீறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். அதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறது. நிபந்தனை எழுதப்படாததால் தோற்ற வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாத குடும்பங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். மனு உம்மா பெயரிலோ மகள் பெயரிலோ இருந்தால் அந்த உதவி அப்படியே கிடைக்கும். தொலைபேசி எண் 15100. முதியவர் வீட்டில் கொடுமைக்கு ஆளாகிறார் என்று தெரிந்தால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.